சுவரிலிருந்து நான்கு விரல்

கணுக்காலை மடக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற ஒரு கன்னடத்துப் பெண். என்னை அஜ்ஜி, பாட்டி என்றுதான் கூப்பிடுவாள். போன மழைக்காலத்தில் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்தபோது பாதம் என்னுடையது மாதிரியே இல்லை. கஞ்சித் தண்ணீரில் ஊறப் போட்டது போல வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. தூக்கு என்றால் தூக்காது, அழுத்து என்றால் அழுத்தாது.

“எலும்பு கூடிடுச்சு அஜ்ஜி. கீல்தான் துருப்பிடிச்சிருக்கு. தினமும் ஆட்டினாத்தான் விடும்” என்றாள் அந்தப் பெண்.

நான்கு பயிற்சி கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, உள்ளங்காலில் துண்டைப் போட்டு இரண்டு முனையையும் நம் பக்கம் இழுத்து முப்பது எண்ணுவது ஒன்று. காலைத் தொங்கவிட்டுக் கட்டை விரலால் காற்றில் எழுதுவது இன்னொன்று. ஏ பி சி டி எழுதச் சொன்னாள். ஐந்தாவதோடு நின்றவள் நான், எனக்கு அது பாதிக்கு மேல் வராது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டில் அ, ஆ எழுதினேன். கணுக்கால் சுழலுவதற்கு ‘அ’ நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது மூன்றாவது.

நான்காவது சுவர். சுவரைப் பார்த்து நின்று, கெட்ட காலை முன்னால் வைத்து, குதிகால் தரையை விடாமல் முட்டியை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் பாதத்தை ஒரு விரல் அளவு பின்னால் நகர்த்தி மறுபடியும் தொட வேண்டும். கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே கை விரல் நான்கு வைக்க இடம் வந்துவிட்டால் கால் தேறிவிட்டது என்று கணக்கு. அதுவரை தனியாகப் படி இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். குதிகால் எழும்பினால் அந்தத் தடவை சேர்த்தி இல்லை. முதல் நாள் விரலைச் சுவரிலேயே ஒட்டி வைத்தும் முட்டி போய்ச் சேரவில்லை. வியர்த்துவிட்டது.

எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் லைன் வீடு. வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், பேச்சு அந்தப் பக்கம் போகாது. ஆனால் பூச்சு உள்ளே பிளந்து காற்று நிற்கிறது. அதனால் லேசாக இடித்தாலும் டொம் என்று கேட்கும். பின்கதவைத் திறந்தால் மூன்று கல்படி, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் பீரோவும் தண்ணீர் டிரம்மும். மீதி இருந்தது பின்னறையில் ஒரே ஒரு வெற்றுச் சுவர். ஒரு காலத்தில் என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெங்களூருக்குக் குடி போய் வெகு நாளாகிறது. கதவில் பூட்டு தொங்கும்.

என் மகள் விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போனால் திரும்பி வர எட்டு மணி ஆகும். வெளியே பூட்டிக்கொண்டு போ என்று அவளிடம் நானேதான் கேட்டுக்கொண்டேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வந்தால் உட்காருவார்கள். நான் காலால் காற்றில் எழுதுவதைப் பார்ப்பார்கள். நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும்.

“இன்னாம்மா, நீ இன்னா ஜெயில்லயா கீற?” என்று மகள் கோபித்துக்கொண்டாள். பின்கதவுத் தாழ்ப்பாள் என் கையில்தானே இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் தினமும் பூட்டிவிட்டுப் போனாள். தெருவில் போகிறவர்களுக்கு ஆளில்லாத வீடு. நானும் ரேடியோ கூடப் போடாமல், ஆளில்லாதவள் மாதிரியே இருந்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

தினமும் பகல் மூன்று மணிவாக்கில் சுவர்ப் பயிற்சி. பத்துத் தடவை டொம், கொஞ்சம் இளைப்பாறல், பிறகு பத்து. ஒரு விரல் இடம் வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்தை முடித்துவிட்டு நெற்றியைச் சுவரில் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

சுவருக்குள்ளிருந்து டொம் என்றது.

என் முட்டி அசையவில்லை. மறுபடியும் கேட்டது. மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெகு நேரம் விட்டு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நின்றேன். பத்து வந்ததும் நின்றுவிட்டது. நெற்றி சில்லென்று இருந்தது. சுவரை விட்டு எடுக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு இரண்டாவது பத்தைச் செய்யவில்லை.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷம் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். கடைசிக் காலத்தில் ஷாப்டில், அதாவது பூமிக்குள் நேராக இறங்குகிற குழியில், கேஜுக்கு மணி கொடுக்கிற வேலை பார்த்தார். கீழே ஆள் இறங்கவும் ஏறவும் வைத்திருக்கிற கூண்டுதான் கேஜ். ஒன்று அடித்தால் நில். மூன்று அடித்தால் ஏறப் போவது கல் இல்லை, ஆள். கீழே அடித்ததை மேலே இருக்கிறவன் கேட்டுத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி வராமல் கேஜ் அசையாது. “திருப்பித் தட்டலன்னா மேல ஆள் இல்லன்னு அர்த்தம். கீழ கீறவன் இன்னா பண்ணுவான் சொல்லு” என்பார்.

சுரங்கத்தை மூடி, தூசு நெஞ்சை அடைத்து, அவருக்குக் குரல் போன பிறகு அந்தப் பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடி பித்தளை டம்ளரால் சுவரில் தட்டுவார். இரண்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் நீ வா. நான் அடுப்பங்கரையில் இருந்தால் கரண்டியால் மேடையில் ஒரு தட்டு தட்டுவேன். கேட்டுவிட்டது, வருகிறேன் என்று பொருள். நான் தட்டாமல் வந்து நின்றாலும் அவருக்குப் போதாது. முகத்தைச் சுளிப்பார்.

கடைசி நாள் குடியாத்தத்திலிருந்து அவருடைய அண்ணனும் அண்ணியும் பார்க்க வந்திருந்தார்கள். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டினார். பெரியவர் முன்னறையில் காப்பிக்காக உட்கார்ந்திருக்கும்போது கரண்டியை எடுத்து விளையாட்டுப் பிள்ளை மாதிரி எப்படித் தட்டுவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். இன்னொரு முறை மூன்று கேட்டது. மூன்று டம்ளரையும் நிரப்பிவிட்டுப் போய்ப் பார்த்தபோது அவர் கை சுவரில் சாய்ந்தபடி இருந்தது. டம்ளர் கீழே விழுந்திருந்தது.

மேலே ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கும் தெரியாது.

அதனால்தான் மறுநாள் மூன்று மணிக்கு நான் சுவர்ப் பக்கம் போகாமல், துண்டை இழுத்துவிட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்து காலால் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டது. பத்து இல்லை. மூன்று. முந்தின நாள் கேட்டது போல இழுத்து இழுத்து இல்லாமல், டக் டக் டக் என்று பழகின கை தட்டுகிற மாதிரி. என் கட்டை விரல் ஏதோ ஓர் எழுத்தின் பாதியில் நின்றுவிட்டது. பதில் தட்டு, தட்டு என்று மனசு சொல்கிறது. தட்டினால் அதற்கு மேல் என்ன வரும் என்று பயமாகவும் இருக்கிறது. தட்டவில்லை. அடுத்த நாளும் மூன்று. அதற்கடுத்த நாளும்.

மகளிடம் பாதியைச் சொன்னேன். அவள் புளிக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே, “கீழ தண்ணி ஏறிகினே கீதும்மா. பாறை சரியும். எல்லா வூட்லயும்தான் கேக்குது” என்றாள். வாஸ்தவம்தான். எங்கள் வீடுகளுக்கு அடியில் எத்தனையோ அடுக்குச் சுரங்கம், எல்லாம் வெறுமையாகக் கிடந்து இப்போது தண்ணீர் நிரம்புகிறது. சில நாள் அலமாரிப் பாத்திரங்கள் தானாகக் கிலுகிலுக்கும். ஆனால் பாறை மூன்று மணி பார்த்துச் சரியுமா? பக்கத்து வீட்டில் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். விடியற்காலை போகும்போதும் பூட்டு, வரும்போதும் பூட்டு என்றாள்.

சுவர்ப் பயிற்சி செய்யாததால் கால் மறுபடி இறுகியது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் விரல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, ஒரு விரல்கூட இல்லையே, சுவரோடு சண்டையா அஜ்ஜி என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. திரும்பி வந்து செய்தேன். ஆனால் முட்டிக்கும் சுவருக்கும் நடுவே மடித்த போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் வராதபடி செய்தேன். திருடி மாதிரி. நேரத்தையும் காலைக்கு மாற்றினேன். ஒன்றரை விரல், இரண்டு, மூன்று விரல் என்று கால் இளகிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கு நான் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கேயும் அந்த மூன்று கேட்கும்.

ஒரு நாள் மூன்று தட்டு கேட்டு முடிந்த பிறகு வேறொரு சத்தம். எதையோ தரையில் இழுக்கிற சத்தம். அப்புறம் தடாலென்று கனமாக ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

செத்தவர்கள் விழமாட்டார்கள். அது எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. தோன்றியதும் எழுந்துவிட்டேன். அந்தப் பக்கம் இருப்பது உயிருள்ள ஆள். இத்தனை நாள் தட்டியது அந்த ஆள்தான். நான் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன், இரண்டாம் தடவையாக.

முன்கதவு வெளியே பூட்டு. பின்கதவைத் திறந்தேன். மூன்று படி. எனக்கு வந்திருந்தது மூன்று விரல்தான், நான்கு இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் சொன்னபடி கெட்ட காலை முதலில் இறக்கினேன். குதிகால் கல்லில் முழுசாகப் படிந்தது. நல்ல காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது, கணுக்காலுக்குள் ஏதோ நரம்பு கிழிகிற மாதிரி இழுத்தது. ஆனால் மடங்கியது. இரண்டாவது படியில் பிடிக்க நிலை இல்லை. உட்கார்ந்து நகர்ந்துவிடலாமா என்று பார்த்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சுவரில் உள்ளங்கையை ஊன்றி இறங்கினேன். மூன்றாவதும் இறங்கி மண்ணில் நின்றபோது காலில் நாடி துடிப்பது தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பின்ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில், ஒரு பெண்பிள்ளை. என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருக்கலாம். கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பயந்ததைவிட அவள் அதிகமாகப் பயந்திருந்தாள்.

“யாரு?” என்றாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

“பக்கத்து வூடு.”

“பக்கத்து வூட்ல ஆளே இல்லியே. பூட்டு தொங்குதுன்னு எம்புள்ள சொன்னானே.”

“உங்க வூட்லயும் பூட்டுதான் தொங்குது” என்றேன்.

அதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அந்தக் கோணல் வாயில் சிரிப்பு வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவும் மகனுமாக மாரிகுப்பத்திலிருந்து வாடகைக்கு வந்திருக்கிறார்கள். அவளுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் போய்விட்டது. மகனுக்குப் பெங்களூரில் காவல் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. முதல் ரயிலில் போய்க் கடைசி ரயிலில் வருவான். திறந்து போட்டுப் போக மனசில்லாமல் வெளியே பூட்டிக்கொண்டு போவான். என் மகளும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

தெருவில் யாரையாவது கூப்பிடுகிறேன் என்றேன். நான் கூப்பிட்டிருப்பேனா என்பது வேறு. “வேணாம்கா. பொடவ நனைஞ்சு கீது” என்றாள். எனக்கு அது புரிந்தது. அவளாகவே இடது கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்கதவுக்கு நகர்ந்தாள். கீழ்த்தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருந்தது. அவள் அதை எட்டி இழுக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் நான் ஜன்னலில் நின்று அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் ஒரு புது ஆளிடம் நான் அவ்வளவு பேசியது கிடையாது. என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. துண்டுப் பயிற்சியைப் பற்றிக்கூடப் பேசினேன்.

கதவு திறந்து, படியேறி உள்ளே போய், தண்ணீர் கொடுத்து, புடவை மாற்றிவிட்டேன். தூக்கப் பார்க்கவில்லை, என் கால் அப்போதே வீங்கி வடைச்சட்டி மாதிரி ஆகியிருந்தது. தலையணையை வைத்து அவளைத் தரையிலேயே படுக்க விட்டு, என் மகள் வரும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவளிடம் கேட்டேன், ஏம்மா கட்டிலை விட்டு இறங்கினாய் என்று.

“நீ தட்டினியேக்கா, அதுக்குத்தான்.”

“நான் எங்க தட்டினேன்?”

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில் பத்து கேட்டதாம். ஆளில்லாத வீட்டில் சத்தம் வருகிறதே என்று நடுங்கிப் போனாளாம். ஆனாலும் அவள் வீட்டுக்காரரும் கேஜில் வேலை செய்தவர். தட்டினால் திருப்பித் தட்ட வேண்டும் என்று ஊறிப் போன புத்தி. இடது கையால் எட்டி எட்டிப் பத்து தட்டியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே தடவை. அதற்கப்புறம் கட்டிலை மகன் சுவரை விட்டு நகர்த்திப் போட்டுவிட்டான். கை எட்டவில்லை. ஆனால் தினமும் மூன்று மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

“பதில் தட்டலன்னா இன்னா நினைச்சுக்குவாங்கன்னு மனசு கேக்கல. அதான் இன்னிக்கு எறங்கிட்டேன்.”

“நீதான் மூணு தட்டறேன்னு நான் நினைச்சுகினு கீறேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எழுந்து போய் விளக்கைப் போட இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. அவள்தான் கேட்டாள்.

“உன்னோடவரா, என்னோடவராக்கா?”

மகள் வந்து எங்களைக் கண்டுபிடித்த கதையும், பக்கத்து வீட்டுப் பையனும் என் மகளும் மறுநாள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதும் எழுதினால் நீளும். இப்போது இரண்டு வீட்டிலும் பூட்டு இல்லை, பின்கதவை வெறுமனே சாத்தி வைக்கிறோம். ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் நான் இறங்கிப் போனதை மறைக்கவில்லை. திட்டினாள். ஒரு வாரம் காலை உயரே வைத்திருக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டுக்கொண்டு வந்தேன். துண்டு செய்யலாம், நான் இழுத்துவிட வேண்டும், சுவர் கூடாது என்றாள். தினமும் மதியம் போய் அவள் காலில் துண்டைப் போட்டு இழுக்கிறேன். முப்பது எண்ணுவதில் எனக்கும் அவளுக்கும் தகராறு, நான் மெதுவாக எண்ணுகிறேனாம். பாதம் ஒரு நூல் அளவு என் பக்கம் வந்தது என்று அவள் சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை, வந்தது என்றுதான் நானும் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு மதியம் அப்படி இழுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இரண்டு கையும் மடியில் இருந்தது. என் இரண்டு கையிலும் துண்டு. என் வீட்டில் யாரும் இல்லை. மகள் ரயிலில் போயிருந்தாள்.

சுவரில் மூன்று கேட்டது. என் வீட்டுப் பக்கத்திலிருந்து.

எண்ணிக்கை இருபத்திரண்டில் நின்றது. அவள் தாடையால் சுவரைக் காட்டினாள், போ என்பது போல. துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் இருந்தது. ஏன் அந்த நேரத்தில் அளந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்து, முட்டியை மடக்கிச் சுவரில் ஒரே ஒரு தரம் தட்டினேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, டம்ளரைத் தரையில் வைக்கிற மாதிரி, பித்தளைச் சத்தம்.

“தண்ணி குடிச்சிட்டாரு” என்றாள் அவள். “வா, மீதி எட்டை எண்ணு.”